விலை போடாத பொம்மைக்கு விலை பார்ப்பது எப்படி

கடையில் விற்பதற்கென்று தயாரான பொம்மைக்கு ஒரு ஜாதகம் இருக்கும். நிறுவனத்தின் விலைப்பட்டியலில் அதன் படம், விலை, வெளியான மாதம் எல்லாம் பதிவாகியிருக்கும். இனாமாகக் கொடுத்த பொம்மைக்கு அது கிடையாது. வங்கியில் கணக்குத் தொடங்கியவருக்குக் கொடுத்த உண்டியல், மருந்துக்கடை வாசலில் நின்ற யானை, குளிர்பான பாட்டில் மூடியின் மேல் வந்த குட்டி உருவம் ஆகியவை விளம்பரக் காலம் முடிந்ததும் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போனவை. ஜப்பானியக் கதாபாத்திரப் பொம்மைகளில் ஏமாறுவதற்கு இதைவிட எளிதான பிரிவு வேறில்லை. கண் பழகியவருக்கு மலிவாக நல்ல பொருள் கிடைப்பதும் இதே பிரிவில்தான்.

வழி ஒன்றுதான். முகத்தைப் பார்த்து மயங்கும் முன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். கூட வந்த காகிதத்தைக் கேளுங்கள். பொம்மை தன் வயதைச் சொல்லாது, அட்டையும் துண்டுச்சீட்டும் சொல்லும்.

எப்படிக் கைமாறியது?

ஜப்பானில் இனாம் பொம்மைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. கிளிகோ கேரமல் 1922 பிப்ரவரியில் ஒசாகாவின் மித்சுகோஷி அங்காடியில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மிட்டாயோடு ஒரு விளையாட்டுச் சாமானும் சேர்ந்துகொண்டது. ஃபுஜியா நிறுவனத்தின் பெகோ-சான் 1950இல் கடைமுன் பொம்மையாகப் பிறந்தாள். அவள் முகத்தோடு விற்கும் 'மில்க்கி' மிட்டாய் வந்தது அடுத்த ஆண்டுதான். விளம்பர உருவம் முதலில், சரக்கு பிறகு!

வாங்க நினைக்கும் பொருள் முதலில் யார் கைக்குப் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று விடைகள் சாத்தியம். சரக்கை வாங்கிய எல்லோருக்கும் கிடைத்திருக்கலாம். குலுக்கலிலோ புள்ளி சேர்த்தோ சிலருக்கு மட்டும் கிடைத்திருக்கலாம். அல்லது பொதுமக்கள் கைக்கே போகாமல் கடைக்காரருக்கு மட்டும் அனுப்பப்பட்டிருக்கலாம்.

முதல் வகை ஏன் எப்போதும் சின்னதாகவே இருக்கிறது என்பதற்குச் சட்டம்தான் காரணம். 1962இல் வந்த ஜப்பானிய இனாம் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1000 யென்னுக்குக் குறைவான பொருளை வாங்கும் எல்லோருக்கும் கொடுக்கும் இனாமின் மதிப்பு 200 யென்னைத் தாண்டக் கூடாது. 1000 யென்னும் அதற்கு மேலும் என்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. 2007க்கு முன்பு இது இன்னும் இறுக்கம்: 100 யென், பத்தில் ஒரு பங்கு. குலுக்கல் பரிசென்றால் 5000 யென்னுக்குக் குறைவான பொருளுக்கு அதன் விலையைப் போல 20 மடங்கு வரை போகலாம். அதற்கு மேற்பட்ட பொருளுக்கு உச்சவரம்பு ஒரு லட்சம் யென். ஆகவே கையகலத்துக்கு மேற்பட்ட ஒரு பழைய பொம்மையைக் காட்டி "பிஸ்கட்டோடு எல்லோருக்கும் கொடுத்தார்கள்" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அது குலுக்கலில் விழுந்ததாக இருக்கும், கடை அலங்காரமாக இருக்கும், அல்லது விலைக்கு விற்றதாகவே இருக்கும்.

எல்லோருக்கும் கிடைத்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு பெப்சியின் பாட்டில் மூடி உருவங்கள். 1999இல் 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்களோடு வந்த மூடிகள் ஜப்பானில் பெரும் பரபரப்பைக் கிளப்பின. லட்சக்கணக்கான வீடுகளில் இன்னும் டப்பா டப்பாவாகக் கிடக்கின்றன. தனித்தனியாக வாங்காதீர்கள், மொத்தமாக வாங்குங்கள், மிஞ்சியதை நண்பர்களுக்குக் கொடுங்கள்.

இரண்டாம் வகைக்கு மொரினாகாவின் சாக்கோபால். பெட்டியைத் திறக்கும் அலகு போன்ற மடிப்பில் தங்க தேவதை அச்சாகியிருந்தால் ஒன்றே போதும், வெள்ளி தேவதை என்றால் ஐந்து. அனுப்பிவைத்தால் பதிலுக்கு 'ஒமோச்சா நோ கன்சுமே' எனும் பொம்மை டப்பா வரும். 1960களின் இறுதியிலிருந்து நடக்கும் திட்டம் இது. உள்ளே இருப்பது அவ்வப்போது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் சேகரிப்பாளருக்கு ஒரு தர்மசங்கடம். திறக்காத டப்பாவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் திறக்காமல் உள்ளே இருப்பது துருப்பிடித்ததா என்று தெரியாது. என் யோசனை, திறந்ததை வாங்குங்கள். சாக்கோபாலின் சின்னமான கியோரோ-சான் பறவை உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பதற்குத்தானே அந்த டப்பாவையே உருவாக்கினார்கள்.

கடைக்காரருக்கு மட்டும் போன பொருள்கள்தான் இந்தத் துறையின் பெரிய மீன்கள். சாத்தோ மருந்து நிறுவனத்தின் ஆரஞ்சு நிற யானை சாத்தோ-சான், கோவா நிறுவனத்தின் தவளை கெரோ-சான், பெகோ-சானின் பெரிய தலையாட்டிப் பொம்மை எல்லாம் இதில் சேரும். இவற்றில் எச்சரிக்கை தேவை. கடை வாசலில் நின்ற பெகோ-சான் பொம்மைகள் திருடுபோன செய்திகள் ஜப்பானியப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. எந்தக் கடை, எப்போது மூடியது, எப்படிக் கைக்கு வந்தது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு வகையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபுருதா நிறுவனம் 1999இல் கொண்டுவந்த 'சாக்கோ எக்' முட்டைக்குள் கையோதோ நிறுவனம் செய்த ஜப்பானிய விலங்குகள் இருந்தன. பார்த்தால் இனாம் மாதிரிதான். ஆனால் அங்கே பொம்மைதான் சரக்கு, சாக்லேட் பேருக்கு. இவற்றுக்கு முழுப் பட்டியல் உண்டு, அதனால் விலையும் நிலையானது.

வயதைப் படிப்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை, எண்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

தொலைபேசி எண்ணில் தொடங்கலாம். பெட்டியின் ஓரத்தில் நிறுவனத்தின் தோக்கியோ எண் இருந்தால் 03க்கு அடுத்து எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 1990 முடிவதற்குள் அச்சானது. நான்கு இலக்கமாகி அது 3இல் தொடங்கினால் 1991 ஜனவரி 1க்குப் பிந்தையது. ஒசாகாவின் 06க்கு இதே மாற்றம் 1999 ஜனவரியில் வந்தது.

அடுத்தது அஞ்சல் குறியீடு. 1968இல் அறிமுகமானபோது மூன்று அல்லது ஐந்து இலக்கம். 1998 பிப்ரவரியிலிருந்து ஏழு. மூன்று இலக்கக் குறியீடும் மூன்று இலக்கத் தோக்கியோ எண்ணும் ஒரே அட்டையில் இருந்தால், 1968க்கும் 1990க்கும் இடையில் என்று அடித்துச் சொல்லலாம்.

விலைச்சீட்டு இருந்தால் வரியைப் பாருங்கள். ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாகத் தொடங்கியது. 1997இல் 5, 2014இல் 8, 2019 அக்டோபரில் 10. வரி பற்றிய பேச்சே இல்லாத விலைச்சீட்டு பெரும்பாலும் 1989 ஏப்ரலுக்கு முந்தையது. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், சிறு கடைகள் வரியைத் தனியாக எழுதாமலும் விற்றிருக்கும் என்பதே. ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

விளம்பரப் பொருளுக்கென்றே உள்ள சாட்சி, நிறுவனத்தின் பெயர். தேசிய ரயில்வே 1987 ஏப்ரலில் ஜேஆர் நிறுவனங்களாகப் பிரிந்தது. அரசுத் தொலைபேசிக் கழகம் 1985 ஏப்ரலில் என்டிடி ஆனது. வங்கி உண்டியல்களுக்கு இதைவிட நல்ல காலக்கோடு கிடையாது: சுமித்தோமோவும் சகுராவும் 2001இல் இணைந்தன, சான்வாவும் தோக்காயும் 2002இல் யுஎஃப்ஜே ஆயின, ஃபுஜி, தாய்-இச்சி காங்கியோ வங்கிகள் அதே ஆண்டு மிசுஹோவில் கரைந்தன. இல்லாமல் போன வங்கியின் பெயர் முதுகில் இருக்கும் உண்டியல் அந்த ஆண்டுக்குப் பின் செய்யப்பட்டிருக்க வழியில்லை. வெறும் 500 யென்னுக்குக் கிடைக்கும் உண்டியலிலும் இந்தத் தெளிவு உண்டு என்பதால்தான் புதிதாகத் தொடங்குபவர்களை நான் வங்கி உண்டியலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

விண்ணப்ப அட்டையில் கடைசித் தேதி இருந்தால் ஆண்டு ஜப்பானிய அரச கணக்கில் இருக்கும். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள்; ஹெய்சேய் என்றால் 1988; ரேய்வா என்றால் 2018. '54' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஷோவா 54, அதாவது 1979.

அம்புக்குறி வளைவுக்குள் 'புரா' என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து இருந்தால் அது பிளாஸ்டிக் உறைக்கான மறுசுழற்சிக் குறி. 2001இல் கட்டாயமாக்கப்பட்டது. '1970களின் அசல்' என்று விற்கும் பையில் இது அச்சாகியிருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

கடைசியாக, புதியவர்கள் எல்லோரும் விழும் குழி: காப்புரிமை ஆண்டு. அது பாத்திரத்துக்கு உரிமை எழுந்த ஆண்டு, பொருள் தயாரான ஆண்டு அல்ல. ஹலோ கிட்டி 1974இல் வரையப்பட்டாள், 1975இல் முதல் பொருளாக ஒரு சில்லறைக் காசுப் பை வந்தது. சான்ரியோவின் காப்புரிமை வரியில் 1976 என்ற ஆண்டு பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து அச்சாகிறது. அதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஓர் ஆண்டு இருக்கும். பொருளின் வயதுக்கு நெருக்கமானது அதுதான். '1976, 2004' என்று அடியில் இருப்பதை '1976 கிட்டி' என்று விற்பவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, படிக்கத் தெரியாதவர்கள். ஏமாற்றினாலும் அறியாமல் விற்றாலும் நீங்கள் கொடுக்கும் விலை என்னவோ ஒன்றுதான்.

மென்வினைல் உருவங்கள்

'ஸோஃபுபி' என்று ஜப்பானில் சுருக்கமாகச் சொல்லும் மென்வினைல் பொம்மைகள் விளம்பரத்துக்கும் கடை விற்பனைக்கும் பொதுவானவை. உலோக அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கி, சுவரில் ஒட்டியது மட்டும் இறுகியதும் மிச்சத்தை வடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் உருவிவிடுவார்கள். அதனால் உள்ளே வெற்றிடம், கனமும் குறைவு.

மாருசான் நிறுவனம் 1966இல் காட்ஜிலாவையும் அல்ட்ரா தொலைக்காட்சித் தொடரின் அரக்கர்களையும் இந்த முறையில் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் நொடித்த பிறகு அங்கிருந்து வந்தவர்களின் புல்மார்க் அதே அச்சுகள் பலவற்றை எடுத்துக்கொண்டு 1977 வரை நடத்தியது. ஆகவே ஒரே உருவம் இரண்டு முத்திரையில் கிடைக்கும். முத்திரை பாதத்தின் அடியில் இருக்கும். விலை வித்தியாசம் பெரிது என்பதால் படத்தில் பாதம் தெரியாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பின்னாளில் மறுபதிப்புகள் ஏராளமாக வந்தன. அவை போலி அல்ல, அழகான பொருள்களே. மறுபதிப்பை அசலாக விற்பதுதான் பிரச்சினை. வினைலின் நிறம், கண்ணுக்குத் தெளித்த வண்ணத்தின் மென்மை என்றெல்லாம் கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள். அதைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. பையின் வாயை மூடித் தைத்திருக்கும் தலைப்பு அட்டையைப் பாருங்கள். மேலே சொன்ன தொலைபேசி, அஞ்சல் எண்கள் அதில்தான் இருக்கும். அட்டையோடு இருக்கும் பொம்மை தனிப் பொம்மையைவிடப் பலமடங்கு விலை போவது வீண் ஜம்பத்தால் அல்ல.

மென்வினைலுக்கு வெளியே, இனாம் பொம்மையின் விலை ஏறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு என்பதற்கு மெடிகாம் டாய் நிறுவனத்தின் பெயர்பிரிக் கரடி எடுத்துக்காட்டு. 2001 மே 27 அன்று தோக்கியோவில் நடந்த ஒரு கதாபாத்திரப் பொம்மை மாநாட்டில் வந்தவர்களுக்கு இலவசமாகக் கையில் கொடுத்ததுதான் முதல் கரடி. 7 சென்டிமீட்டர் உயரம். இன்று அதே கரடி 70 சென்டிமீட்டரில் பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் நிற்கிறது. முதலீட்டுக்கு என்று இதை வாங்க நினைப்பவர்களுக்கு வேறு நல்ல புத்தகங்கள் இருக்கின்றன.

எங்கே, எந்தச் சொல்லோடு

தோக்கியோவில் நகானோ பிராட்வே. 1966இல் திறந்த இந்தக் கட்டடத்தில் மண்டராகே நிறுவனத்தின் கடைகள் மாடி மாடியாகச் சிதறிக் கிடக்கின்றன; பழைய பொம்மைக்கென்று தனிக் கடையே உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் சீட்டில் குறைகளை எழுதிவைப்பார்கள். முதல் முறை போவது வாங்க அல்ல, கண்ணைப் பழக்க. கியோத்தோவில் மாதம் 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தை, 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயில் சந்தை. அங்கே பழைய துணியும் பீங்கானும்தான் அதிகம். விளம்பரப் பொம்மை தரையில் விரித்த பெட்டிகளின் அடியில் கிடக்கும். காலையில் சீக்கிரம் போங்கள்.

ஊரிலிருந்தே வாங்குவதானால் யாஹூ ஏலம், மெர்காரி ஆகிய இரண்டும் பிரதானம். வெளிநாட்டவருக்காக வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும். பொம்மை விலையோடு தரகு, ஜப்பான் உள்நாட்டு அஞ்சல், பொதிக் கட்டணம், வெளிநாட்டு அஞ்சல் எல்லாம் சேரும். 800 யென் பொம்மைக்கு அதைவிட அதிகம் செலவாகும். பலவற்றைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழைப்பதே கட்டுப்படியாகும்.

மொழிபெயர்ப்புச் செயலி சில சொற்களை மழுப்பிவிடும் என்பதால் அவற்றை மட்டும் ஒலியோடு நினைவில் வையுங்கள். 'ஹிபைஹின்' விற்பனைக்கு வராதது. 'தோஜிமோனோ' அந்தக் காலத்திலேயே செய்தது; 'ஃபுக்கோகு' மறுபதிப்பு. 'மிகாய்ஃபூ' பிரிக்காதது. 'நான் ஆரி' என்றால் குறை உண்டு, 'ஹியாகே' வெயிலில் வெளுத்தது, 'பெதாட்சுகி' பிசுபிசுப்பு. 'ஜங்க்' என்று போட்டுவிட்டால் எந்தப் புகாரும் செல்லாது. ஹிபைஹின் என்ற சொல்லே விலையை ஏற்றுவதற்காகத் தாராளமாகத் தூவப்படும். அது அரிதானது என்பதற்குச் சான்றல்ல.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கத்தை மறந்துவிட வேண்டாம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்குத் தரமுத்திரையும் கட்டாயம். ஐம்பது வருஷத்துப் பழைய வினைல் அரக்கனுக்கு அதை எங்கே போய்த் தேடுவது? 'பரிசு' என்று எழுதச் சொல்வதும் உதவாது. அஞ்சலில் வரும் பரிசுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு எடுக்கப்பட்டுவிட்டது. பணம் கட்டும் முன் அன்றைய விதியைச் சரிபாருங்கள், உண்மையான விலையை எழுதச் சொல்லுங்கள், ரசீதை வைத்திருங்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பொருள் சேவை வரியோடு முடிந்துவிடும்.

வந்த பிறகு

பழைய வினைல் பிசுபிசுப்பது அழுக்கால் அல்ல. வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிகிறது. வெதுவெதுப்பான நீரில் ஓரிரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சில மாதங்களில் மறுபடியும் பிசுபிசுக்கும், மறுபடியும் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர் பக்கமே போகாதீர்கள், வண்ணம் கையோடு வந்துவிடும். காகித ஒட்டு உள்ள உண்டியலை நீரில் நனைக்கக் கூடாது. கழுத்தோ கையோ இறுகியிருந்தால் தலை உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றினால் இளகும்.

வினைல் பொம்மையைக் கடினப் பிளாஸ்டிக் பொம்மையோடு ஒட்டி வைக்காதீர்கள்; கசியும் பொருள் அடுத்ததைக் கரைத்து உருக்கிவிடும். ஒரு நிறத்து வினைல் இன்னொன்றின் மேல் கறையாகப் பதியும், அது போகாது. பிவிசி உறையும் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. சென்னையைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் அட்டைகளைத் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். பீரோவில் பட்டுப்புடவைக்குப் போடும் பாச்சா உருண்டையை பொம்மை இருக்கும் தட்டில் போட்டுவிடாதீர்கள். நாப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கி அழித்துவிடும்.

செல்லுலாய்ட் மட்டும் வேறு விதி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, போரை ஒட்டிய காலத்து ஜப்பானியப் பொம்மைகள் பல இதில் செய்தவை. மெலிந்த சுவர், லேசான கனம். விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொண்டு எரியும் என்பதால் சாதாரண விமான அஞ்சலில் அனுப்பக் கூடாது; அனுப்புகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், மற்ற பொம்மைகளிலிருந்து விலக்கி, வெயிலும் அடுப்பும் படாமல் வையுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதை அரிக்கும். புளித்த வாடை வந்து, வெடிப்புகளும் ஈரமும் தெரிந்தால் அழிவு தொடங்கிவிட்டது. அதைப் படம் எடுத்துக்கொண்டு உடனே தனியே பிரித்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.